பார்வை மான்: புறநானூறு 320, ஒரு மதிப்பீடு

பார்வை மான் என்பது காட்டு மானை அருகே வரவழைத்துப் பிடிப்பதற்காக வேடர்கள் பழக்கி வளர்த்த மான். இவ்வாறு பயன்படும் விலங்கையும் பறவையையும் பழந்தமிழ் ‘பார்வை’ என்ற சொல்லாலேயே குறித்தது. பார்வை மான் இடம்பெறும் சங்கப் பாடல்களில் முதன்மையானது வீரை வெளியனார் பாடிய புறநானூற்றின் 320-ஆம் பாடல். திணை வாகை, துறை வல்லாண் முல்லை. உயிர் இரக்கத்தைச் சொல்லும் பாடல் என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால் பாடல் அதைவிட விரிவானது.

வேட்டை முறை

மான் மோப்பத்தாலும் செவியாலும் ஆபத்தை அறிந்து விலகும் விலங்கு. அம்பு குறி தவறாத தொலைவுக்குள் அதை நெருங்குவது கடினம். ஆகவே வேடன் மானைத் தேடிச் செல்வதற்குப் பதிலாக மான் தன்னைத் தேடி வரும்படி செய்தான். இணைசேரும் பருவத்தில் பிணையை நாடும் கலை தன் எச்சரிக்கையை இழக்கிறது. பார்வைப் பிணை அந்த நாட்டத்தையே பொறியாக்குகிறது. பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பைச் சொல்லும்போது, முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருப்பதைக் காட்டுகிறது. வீட்டு உரல் இருக்கும் இடத்திலேயே வேட்டைக் கருவியும் இருக்கிறது.

பிற்கால அயினி அக்பரியில் வேறொரு முறை சொல்லப்படுகிறது. அதில் பழக்கிய மானின் கொம்பில் வலை கட்டி அனுப்புவார்கள். போரிட வரும் காட்டு மான் அந்த வலையில் சிக்கும். அங்கே தூண்டப்படுவது பகை, சங்கப் பாடலில் தூண்டப்படுவது காதல்.

பாடலின் காட்சி

முற்றத்தில் முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து, பந்தல் தேவைப்படாத அளவுக்கு நிழல் தருகின்றன. வேட்டுவன் அங்கே ஆழ்ந்து உறங்குகிறான். அவனைக் குறிக்கும் ‘கைம்மான்’ என்ற அடை துதிக்கையுள்ள யானையைச் சுட்டுவது. அவன் யானை வேட்டைக்காரன். அப்போது எங்கிருந்தோ தனியாக வந்த ஒரு கலைமான் பார்வைப் பிணையைத் தழுவி விளையாடுகிறது. அதைப் பார்க்கும் மனைவிக்கு இரண்டு அச்சங்கள். கணவன் விழித்துவிடக் கூடாது, கலை பிணையைவிட்டு விலகிவிடக் கூடாது. அதனால் அவள் வீட்டுக்குள் நடமாடுவதையே நிறுத்திவிடுகிறாள். மான் தோலில் உலரவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் ஆரவாரத்தோடு தின்கின்றன. அவள் அவற்றை விரட்டுவதில்லை. பின்பு பாடல் பாணனை நோக்கித் திரும்புகிறது. சந்தனக் கட்டை நெருப்பில் சுட்ட இறைச்சியைச் சுற்றத்தோடு உண்டு தங்கிச் செல்லும்படி சொல்கிறது. வேந்தன் தந்ததைப் பரிசிலர்க்குக் குறையாமல் வழங்கும் தலைவன் காக்கும் ஊர் இது என்று முடிகிறது.

மதிப்பீடு

இரக்கம் என்ற ஒற்றைச் சொல்லால் இந்தப் பாடலை விளக்க முடியாது. தினை உலர்வது மான் தோலின்மீது. விருந்து இறைச்சியால் ஆனது. முற்றத்தில் பார்வை மான் இருப்பதே இது வேட்டையால் வாழும் வீடு என்பதற்குச் சான்று. வெளியனார் இவற்றில் எதையும் மறைக்கவில்லை, எதற்கும் வருந்தவும் இல்லை. இதைக் கொல்லாமைப் பாடலாக வாசிப்பவர் அந்தத் தோலையும் இறைச்சியையும் காணாமல் கடந்துவிட வேண்டியிருக்கும்.

பாடலின் மையம் கைக்கு வந்ததைத் தனக்கென வைத்துக்கொள்ளாமை. பொறி தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, கலை முற்றத்துக்கே வந்துவிட்டது. ஒரு சொல் சொன்னால் கணவன் எழுந்துவிடுவான். அவள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. உழைத்துச் சேர்த்த தினை பறவைகளுக்குப் போகிறது. வேந்தன் தந்த செல்வம் தலைவனிடம் தங்காமல் பரிசிலரிடம் செல்கிறது. இம்மூன்றும் ஒரே இயல்பின் மூன்று நிலைகள். வீரனின் இல்லத்தையும் ஊரையும் இயல்பையும் சொல்லி அவன் ஆண்மையைச் சிறப்பிப்பது வல்லாண் முல்லை. இங்கே தலைவனின் பெயர்கூட இல்லை. ஊரில் ஒரு வேட்டுவப் பெண் அசையாமல் நின்றது அவனுடைய புகழாகிறது.

வேட்டையைப் பின்னணியாகக் கொண்ட இந்தப் பாடலில் வில்லும் அம்பும் ஒருமுறைகூடக் குறிப்பிடப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயுதம் உறங்குபவனோடு உறங்குகிறது. ஏமாற்றுவதற்காக வளர்க்கப்பட்ட பிணையிடம் கலை கண்ட இன்பமோ பொய்யானதல்ல. பொறியாக அமைக்கப்பட்ட ஒன்று சற்று நேரம் உண்மையான உறவாகிவிடுகிறது. மனைவி காப்பது அந்தச் சற்று நேரத்தைத்தான்.

பாடலின் எல்லையையும் சொல்ல வேண்டும். கலை தப்பலாம், பிணை அங்கேயேதான் இருக்கும். நாளையும் அது பார்வை மான்தான். பிணையின் நிலை குறித்துப் பாடல் எதுவும் சொல்வதில்லை. நற்றிணையின் 312-ஆம் பாடலில் கழார்க் கீரன் எயிற்றியார் இந்த இடத்தைத் தொடுகிறார். அங்கே மழைக்கால வாடையில் ஒடுங்கியிருக்கும் பார்வைக் குருகை வேடனே கட்டவிழ்த்து அருள்கிறான். வெளியனாரின் பெண் அந்த அளவுக்குச் செல்வதில்லை.

பிற்கால வடிவங்கள்

பார்வை விலங்கு பிற்காலத்தில் தத்துவ உவமையாயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், உயிர்களை ஆட்கொள்ள இறைவன் குருவாக மானிட வடிவில் வருவதைப் பார்வை விலங்கோடு ஒப்பிட்டார். வேடனின் வஞ்சம் அங்கே அருளாகிறது. கம்பராமாயணத்தின் மாரீசன் இதற்கு நேர் எதிர். அங்கே மானே பொய், சிக்குபவன் வில்லேந்தியவன். இவ்விரண்டிலும் பொறி தன் இலக்கை அடைகிறது. வெளியனாரின் பாடலில் மட்டும் பொறி வென்ற பிறகும் வேட்டை நடப்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளை நெருங்கும் பாடல் இன்றும் புதிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.