கலி நகரத்துக் கால்கள்

2020 பிப்ரவரியில் மயாமியில் நடந்த சூப்பர் பவுல் ஆட்டத்தின் இடைவேளையில், ஷகீராவும் ஜெனிஃபர் லோபஸும் பாடிய நிகழ்ச்சியில், கொலம்பியாவின் கலி நகரைச் சேர்ந்த ‘ஸ்விங் லத்தீனோ’ நடனக் குழுவும் மைதானத்தில் இறங்கியது. கலி பாணி சல்சாவைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கால்வேகம். தோள்கள் பதறாமல் நிற்கும். முழங்காலுக்குக் கீழே பாதங்கள் உதைத்து, குறுக்கே பின்னி, குதித்து, அடுத்த அடிக்குள் இடத்துக்குத் திரும்பிவிடும்.

அந்த வேகம் இசைத்தட்டிலிருந்து பிறந்தது. கியூபாவிலும் நியூயார்க்கிலும் பதிவான தட்டுகள் பசிபிக் கரையின் புவெனவெந்தூரா துறைமுகத்தில் இறங்கி கலிக்கு வந்தன. 1960களில் நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டை அங்குள்ள இளைஞர்கள் 45 சுற்றில் ஓடவிட்டார்கள். பச்சாங்கா, பூகலூ என்ற நடன இசை வகைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேகம் கூடி ஒலித்தன. பாடகரின் குரல் கீச்சிட்டது. ஆடியவர்களுக்கு அது பொருட்டே இல்லை, கால் அந்த வேகத்துக்குப் பழகிக்கொண்டது. எந்த வாத்தியக் குழுவும் வாசிக்காத வேகத்தில் ஒரு நகரம் ஆடக் கற்றது. சல்சாவின் எந்தப் பாணியை அலசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இசை அந்த ஊருக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது?

சல்சாவின் ஊற்று கியூபாவின் கிழக்குப் பகுதி. ஸ்பானியக் குடியேறிகளின் கித்தாரும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும் கலந்த ‘சோன்’ இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவை எட்டியது. அதைத் தாங்குவது கிளாவே. இரண்டு மரக்குச்சிகளை மோதி, எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டு: ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. ட்ரெஸ் என்ற கியூபக் கித்தாரை வாசித்த பார்வையற்ற கலைஞர் ஆர்செனியோ ரொத்ரிகெஸ் 1940களில் இந்தச் சட்டத்துக்குள் காங்கா மேளத்தையும் பியானோவையும் கூடுதல் ட்ரம்பெட்டுகளையும் கொண்டுவந்தார். இன்று சல்சா என்று நாம் கேட்கும் ஓசையில் பெரும்பகுதி அவர் கட்டியது. நடன மேடைகளில் அவர் பெயர் இன்னும் உரக்க ஒலிக்கவேண்டும்.

நியூயார்க்கில் இசை நேரடியாக, சுடச்சுட வந்தது. பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த பலேடியம் அரங்கில் 1950களில் மச்சீட்டோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரொத்ரிகெஸ் மூவரின் குழுக்களும் மாம்போ என்ற நடன இசையை வாசித்தன. நிறப்பாகுபாடு நாடெங்கும் வேரூன்றியிருந்த காலத்தில் கறுப்பர், போர்த்தோரிக்கர், யூதர், இத்தாலியர் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். ‘கியூபன் பீட்’ என்று பெயர்பெற்ற போர்த்தோரிக்கரும் இத்தாலிய வம்சாவளியினரான மில்லி டோனேயும் அங்கே புகழ்பெற்ற இணை. மேடையில் வாசிப்பவர் அடுத்த கணம் தாளத்தை எங்கே வெட்டுவார் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் ஆடமுடியும்.

1962இல் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடை ஹவானாவுடனான போக்குவரத்தை முறித்தது. இனி நியூயார்க் தன் சொந்தக் கையால் சமைத்தாக வேண்டும். டொமினிக்கக் குடியரசில் பிறந்த ஜானி பச்சேக்கோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் 1964இல் தொடங்கிய ஃபானியா நிறுவனம், 1970களில் இந்த இசைக்குச் சல்சா என்ற பெயரை உலகெங்கும் நிலைநிறுத்தியது. வில்லி கொலோன், எக்டர் லவோ, செலியா க்ரூஸ், ரூபென் பிளேட்ஸ் எல்லோரும் அந்தக் கூரையின் கீழ் பாடியவர்கள். 1973 ஆகஸ்ட் 24 அன்று யாங்கி பேஸ்பால் மைதானத்தில் ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் வாசித்தபோது 40,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். காங்காக்களின் மோதலில் கூட்டம் தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது, கச்சேரி பாதியில் நின்றது.

அடவுகளின் கணக்கு பிறகு வந்தது. புவெந்தேயின் நிகழ்ச்சிகளில் ஆடிய எடி டோரஸ், பழைய மாம்போக்காரர்கள் உள்ளுணர்வில் ஆடியதை எண்ணிக்கையாக வகுத்து, இரண்டாம் அடியில் திசை மாறும் நியூயார்க் பாணியைப் பாடமாக்கினார். 1990களில் லாஸ் ஏஞ்சல்ஸின் வாஸ்கெஸ் சகோதரர்கள் முதல் அடியிலேயே திசை மாறி, சுழற்சியும் தூக்கலும் நிறைந்த மேடைப் பாணியைப் பரப்பினார்கள். எது சரி என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. எனக்கு இரண்டாம் அடியே பிடிக்கும். காங்காவின் அறைந்த தட்டு விழுவது அங்கேதான். கச்சேரியில் சமத்தைத் தள்ளி எடுக்கும் பல்லவியைப் போல, அந்தச் சிறு தாமதம் உடம்பில் ஒரு இழுவையைத் தருகிறது. முதல் அடியில் ஆடும்போது உடல் பாட்டைத் துரத்துவதுபோல் எனக்குத் தோன்றும்.

போட்டி மேடைகளில் என் மனக்குறை வேறு. பல குழுக்கள் பாட்டை முன்கூட்டியே வெட்டி ஒட்டி, ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு ட்ரம்பெட் முழக்கம் வாய்க்கும்படி அமைத்துக்கொண்டு வருகின்றன. தசைவலிமையும் ஒத்திகையும் அசத்துகின்றன. ஆனால் ஆடுபவர் இசையைக் கேட்கிறாரா, மனப்பாடத்தை ஒப்பிக்கிறாரா என்று நடுவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? இறுதிச் சுற்றில் ஒரு வாத்தியக் குழுவை மேடையேற்றி, ஆடுபவர்கள் அதுவரை கேட்டிராத ஒரு சோனை வாசிக்கச் சொல்லுங்கள். கலி பாதங்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் சுழற்சிகளும் ஒரே கிளாவேயின் முன் நிற்கட்டும். அதற்குப் பிறகு மதிப்பெண் போடுங்கள்.