கொல்கத்தா டெர்பியை எப்படி ரசிப்பது: டிராவில் தொடங்குங்கள்

நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து மாட்ரிட் – பார்சிலோனா ஆட்டத்தைப் பார்க்கும் தமிழ் ரசிகரிடம் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் பற்றிப் பேச்செடுத்தால், “அதில் தரமே இல்லையே” என்று முடித்துவிடுகிறார். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். தரம் மட்டுமே டெர்பியை ருசியாக்குவதில்லை. உலகத் தரத்தில் ஆடும் இரண்டு அணிகள் மோதினாலும், இரண்டுக்கும் நடுவே தீர்க்கவேண்டிய பழைய கணக்கு ஒன்றும் இல்லையென்றால், அது ஒரு நல்ல ஆட்டம், அவ்வளவுதான். கொல்கத்தாவில் அந்தக் கணக்கு நூறு ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தைய ஆட்டத்துக்குச் சொல்லும் பதிலாகவே தொடங்குகிறது. அந்தப் பழைய ஆட்டங்களைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய ஆட்டத்தில் பாஸ் சரியாகப் போகிறதா என்று மட்டும் பார்ப்பவருக்குத் தரம் குறைவாகத்தான் தெரியும். நாவலின் நாற்பதாம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுக் கதை விளங்கவில்லை என்பவருக்கு என்ன பதில் சொல்வது?

அடிப்படைத் தகவல்களைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். மோகன் பகான் 1889இல் பிறந்தது. நிறம் பச்சையும் மெரூனும். 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. அன்று அணியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920இல். நிறம் சிவப்பும் தங்கமும். மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஜோராபகான் சங்கம் சைலேஷ் போஸை அணியில் சேர்க்காமல் விட்டது. அந்தச் சங்கத்தின் துணைத்தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறி, மற்றவர்களோடு சேர்ந்து புதிய சங்கத்தைத் தொடங்கினார். மேற்கு வங்கத்துப் பூர்வீகக்காரர்கள் பெரும்பாலும் மோகன் பகான் பக்கம். கிழக்கிலிருந்து வந்தவர்கள், குறிப்பாக 1947 பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள், ஈஸ்ட் பெங்கால் பக்கம். பெரிய ஆட்டங்கள் இன்று சால்ட் லேக் மைதானத்தில் நடக்கின்றன. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆனால் நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. டெர்பி வந்தால் அதே கட்டுரைதான் வரும்: ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். பத்துப் பத்தி மீனுக்கு, கடைசியில் ஒரு வரி ஸ்கோருக்கு. இது மேம்போக்கான எழுத்து. கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பூர்வீகம் சொல்லும். களத்தில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலுக்குப் பெரும் புகழ் தேடித் தந்த முன்வரிசையை ‘பஞ்ச பாண்டவர்’ என்றார்கள். அப்பா ராவ், அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே ஆகிய ஐந்து பேருமே தென்னிந்தியர்கள். கிழக்கு வங்கத்து அகதிகளின் பெருமையைத் தோளில் சுமந்தவர்களில் ஒருவருக்கும் அந்த மண்ணோடு தொடர்பில்லை. மீன் கட்டுரைகள் இதற்கு என்ன விளக்கம் தரும்?

சரி, நேருக்கு நேர் வரலாற்றுக்கு வருவோம். புதிதாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி, ‘மொத்தத்தில் யார் முன்னிலை?’ கேட்கவேண்டிய கடைசிக் கேள்வி அது. பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை மாறுகிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. இரு அணிகளும் முதலில் சந்தித்தது 1921 ஆகஸ்டில், கூச்பெஹார் கோப்பையில். கோலில்லாமல் டிரா ஆனது. மறு ஆட்டத்தில் மோகன் பகான் 3-0 என வென்றது. பல பட்டியல்கள் இதைச் சேர்ப்பதில்லை. 1925 மே 28 அன்று கல்கத்தா லீக்கில் நேபால் சக்ரவர்த்தி அடித்த ஒற்றைக் கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றதிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகின்றன. பிற்காலத்திலும் இதே குழப்பம். 2012 டிசம்பர் 9 அன்று மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை. கூட்டத்திலிருந்து பறந்த கல் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களத்துக்குத் திரும்பவில்லை. 1-0 என்று நின்ற ஆட்டம் ஏட்டில் 3-0 ஆனது. 2016 கல்கத்தா லீக் டெர்பிக்கு மோகன் பகான் வரவே இல்லை. ஈஸ்ட் பெங்காலுக்கு வாக்-ஓவர். ஆடாத ஆட்டத்தையும் ஆடி ஜெயித்த ஆட்டத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன புரிந்துகொள்ள முடியும்?

நான் சொல்வது இது: வெற்றிகளை விடுங்கள், டிராக்களைப் படியுங்கள். இந்த டெர்பியின் பதிவேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று டிரா. யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் இரு அணிகளின் உறவு முழுதாக எழுதியிருக்கிறது. எல்லா டிராவும் ஒன்றல்ல. லீக் டிரா வேறு, கோப்பை டிரா வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நூறாண்டு வரலாறு தானாகத் திறக்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் லீக் டிரா. கல்கத்தா லீக் மழைக்காலத்து லீக். கோடை முடியும்போது தொடங்கி, மைதானத்தில் சேறு கணுக்காலைத் தொடும் நாட்களில் சூடுபிடிக்கும். நெடுங்காலம் வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி என்பதே முறை. சின்ன அணிகளிடம் பெரிய அணிகள் புள்ளி இழப்பது அபூர்வம் என்பதால், பட்டத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் டெர்பியும் அதைச் சுற்றியுள்ள இரண்டொரு ஆட்டங்களும்தான். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணிக்கு டிரா ஆனால் முன்னிலை அப்படியே இருக்கும். தோற்றால் ஒரு புள்ளி பின்னுக்குப் போய்விடும். அந்த அணி எதற்காகப் பாய்ந்து தாக்கவேண்டும்? தற்காப்பு வரிசை ஓரடியும் முன்னேறாது, நடுக்களத்தில் பந்து சேற்றில் நின்றுபோகும், விங்கர் பந்தைக் கார்னர் பக்கம் கொண்டுபோய் நேரத்தைத் தின்பார். அதே சமயத்தில் பின்தங்கிய அணி வெறிபிடித்து மோதும். எனவே பழைய லீக் டெர்பி ஒன்றின் ஸ்கோரைப் பார்க்கும்போது அன்று காலையிலிருந்த புள்ளிப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 0-0 என்ற முடிவில் ஒருவர் நினைத்ததைச் சாதித்துவிட்டார், இன்னொருவர் பறிகொடுத்துவிட்டார். பதிவேடு இருவருக்கும் டிரா என்று ஒரே குறியைப் போட்டுவிட்டுப் போய்விடும்.

கோப்பை டிரா இதற்கு நேர்மாறு. நாக்-அவுட்டில் டிராவால் யாருக்கும் லாபமில்லை, காக்க முன்னிலை என்று எதுவும் இல்லை, இருவருமே வெல்ல வந்தவர்கள். அப்படியும் சமனில் முடிந்தால், உண்மையிலேயே அன்று ஒருவரை ஒருவர் வெல்ல முடியவில்லை என்று பொருள். அப்போதெல்லாம் இந்தியக் கோப்பைகளில் ஒரு வழக்கம் இருந்தது: இறுதியாட்டம் தீராவிட்டால் இருவரும் கூட்டு வெற்றியாளர்கள். இரு அணிகளும் 1960 டூரண்ட் கோப்பையைப் பகிர்ந்தன, 1961 ஷீல்டைப் பகிர்ந்தன, 1982இல் மறுபடி டூரண்டைப் பகிர்ந்தன. ஃபெடரேஷன் கோப்பையை 1978இலும் 1980இலும் பகிர்ந்தன. இதில் 1978 இறுதியாட்டம் நடந்தது நம் கோயம்புத்தூரில்! வங்கத்தின் பெரும்பகை தமிழ்நாட்டுக்கு வந்து, தீராமலே திரும்பிப் போயிருக்கிறது. நம் ஊர் ரசிகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கோப்பையைப் பகிர்வதெல்லாம் கோழைத்தனம், ஒருவர் தோற்றால்தான் விளையாட்டு என்று இன்றைய விமர்சகர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2025 அக்டோபரில் இதே ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் இருவரும் 1-1 என நின்றார்கள். பெனால்டி ஷூட்-அவுட்டில் மோகன் பகான் கோப்பையை எடுத்துக்கொண்டது. விதிப்படி சரிதான். ஆனால் பெனால்டி என்பது பன்னிரண்டு கஜத்திலிருந்து ஒருவர் உதைக்க ஒருவர் தடுக்கும் தனித்திறன் சோதனை. பதினொரு பேர் சேர்ந்து ஆடிய ஆட்டத்துக்கு அது தீர்ப்பாகாது. பதிவேடு வைப்பவர்களுக்கே இது தெரியும்: நேருக்கு நேர் கணக்கில் அத்தகைய ஆட்டம் டிரா என்றுதான் ஏறும். அன்று பகிர்ந்துகொண்டார்கள், இன்று பறித்துக்கொள்கிறார்கள். ஆடிய ஆட்டத்தின் உண்மைக்கு நெருக்கமானது முன்னதுதான்.

இன்னொரு மறுப்பும் வரும், அது வலுவானதுதான்: “இந்த டெர்பியில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 1975 ஷீல்டு இறுதியை, அதை எப்படி ஒதுக்குவீர்கள்?” ஒதுக்கவில்லை. 1975 செப்டம்பர் 30, ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. ஷியாம் தாப்பா இரண்டு கோல். சுரஜித் சென்குப்தா, ரஞ்சித் முகர்ஜி, சுபங்கர் சன்யால் ஆளுக்கொன்று. மோகன் பகானின் இளம் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலி நான்கு கோல் வாங்கியபின் மாற்றப்பட்டார். பின்னாளில் அவர் ஈஸ்ட் பெங்காலுக்கே போய்ப் பெரும்பெயர் எடுத்தார். ஆனால் அந்த ஐந்துக்கு ஏன் இவ்வளவு கனம்? அதன் இருபுறமும் டிராக்களும் 1-0களும் அடுக்கடுக்காக நிற்பதால்தான். மாதம் ஒரு 5-0 நடக்கும் டெர்பியில் இன்னொரு 5-0 யார் நினைவிலும் நிற்காது. அடுத்த ஆண்டைப் பாருங்கள்: 1976 லீக் டெர்பியில் ஆட்டம் தொடங்கிய 17ஆவது வினாடியில் முகமது அக்பர் கோல் அடித்தார், மோகன் பகான் 1-0. அதே ஆண்டு அதே ஷீல்டு. கோப்பையை இருவரும் பகிர்ந்தார்கள். 5-0 ஆன இடத்தில் பன்னிரண்டே மாதத்தில் சமன்! மோகன் பகான் எழுந்து நின்ற கதையை 17 வினாடி கோலைவிட அந்தப் பகிர்வு முழுமையாகச் சொல்கிறது.

1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். சால்ட் லேக்கில் 1,31,781 பேர், மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் ‘டைமண்ட்’ அமைப்பைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது, எதிர்ப்பக்கம் பி.கே. பானர்ஜி. பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்து ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. எல்லோரும் கூட்டத்தின் எண்ணிக்கையையே சொல்கிறார்கள். தத்தாவின் அணி தாக்கி வெல்லவே அமைக்கப்பட்டது, டிராவுக்கு ஆட அதற்குத் தெரியாது. அதனால்தான் பின்னால் திறந்த இடத்தில் பாய்ச்சுங் ஓட முடிந்தது என்பதைச் சொல்பவர் குறைவு.

டிராவைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். களத்தில் கோல் விழவில்லை. கேலரியில் மூண்ட மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். பகையை அழகாக்கி எழுதுபவர்கள் இந்தத் தேதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள். 2024 ஆகஸ்ட் 18 தேதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஜி. கர் மருத்துவமனைக் கொடுமைக்கு எதிராக நகரம் கொதித்த நாட்கள் அவை. டூரண்ட் டெர்பி ரத்தானது. மைதானத்துக்கு வெளியே இரு கொடிகளும் ஒன்றாகத் தெருவில் நின்றன. எந்தப் பட்டியலிலும் அந்த நாள் இல்லை.

இன்றைய ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) காலத்துக்கு வந்துவிட்டீர்களென்றால், உங்களிடம் மனம்விட்டே சொல்கிறேன்: முப்பது வினாடி ரீல்ஸ் பார்த்துவிட்டு டெர்பி பார்த்ததாக நினைக்காதீர்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டும் இந்த மோஸ்தர் டெர்பியின் உயிரை எடுக்கிறது. 2022 ஜனவரி 29 ஆட்டத்தை எல்லோரும் கியான் நசிரியின் ஹாட்ரிக் என்கிறார்கள். உண்மைதான், மாற்று வீரராக வந்த பையன் மூன்று அடித்தார். ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிப் புகழ்பெற்ற ஜம்ஷித் நசிரியின் மகன், அப்பாவின் பழைய அணிக்கு எதிராகவே அடித்தார். ஆனால் தொண்ணூறாவது நிமிடத்தில் ஸ்கோர் 1-1. இஞ்சுரி டைமில் இரண்டு கோல் விழுந்து 3-1 ஆனது. அதற்கு முன் டிராவைக் காக்கப் போராடிய ஈஸ்ட் பெங்கால் தற்காப்பை நீங்கள் பார்த்திருந்தால்தான் அந்த இரண்டு கோலும் சுடும். 2023 ஆகஸ்ட் 12 அன்று நம் சென்னைப் பையன் நந்தகுமார் அடித்த ஒற்றைக் கோல், நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கு டெர்பி வெற்றி தந்தது. அதற்கு முந்தைய தோல்வி வரிசையைத் தெரிந்துகொள்ளாதவருக்கு அது வெறும் 1-0.

தொடங்குவதற்கு ஓர் ஆட்டம் சொல்லச் சொன்னால், 2024 பிப்ரவரி 3 அன்று நடந்த ஐ.எஸ்.எல். டெர்பியைச் சொல்வேன். அதற்கு முன் ஐ.எஸ்.எல்.லில் நடந்த ஆறு டெர்பிகளையும் மோகன் பகானே வென்றிருந்தது. அன்று ஈஸ்ட் பெங்கால் இரண்டு முறை முன்னிலை பெற்றது, இரண்டு முறையும் மோகன் பகான் எட்டிப் பிடித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் பெட்ராடோஸ் அடித்து 2-2 ஆக்கினார். ஏழாவது முயற்சியில் முதல் முறையாகத் தோற்காத அணி தலைகுனிந்து வெளியேறியது, வெல்லாத அணி நிமிர்ந்து நடந்தது. புள்ளிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஆட்டத்தைத் தொண்ணூறு நிமிடமும் பாருங்கள். அடுத்த டெர்பி 0-0 என்று முடிந்தால், தயவுசெய்து ‘போர்’ என்று சொல்லாதீர்கள்.