சயாம் சாலையும் நம் பயண எழுத்தும்

பயணக் கட்டுரை எழுதுவோர் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. அருவியைக் கண்டால் ஒரு பத்தி. கல்லறையைக் கண்டால் ஒரு பெருமூச்சு. அடுத்த பத்தியில் மீண்டும் அருவி. தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து பர்மிய எல்லையை நோக்கிச் செல்லும் 323-ஆம் எண் சாலையைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் இவ்வாறே அமைந்துள்ளன. மலேசியாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவருடன் சென்ற ஆண்டு அவ்வழியே காரில் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, அக்கட்டுரைகளை மனத்துள் மீண்டும் புரட்டிப் பார்த்தேன். அவற்றின் குறை நடையில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

அழகை மறுப்பதற்கில்லை. சுண்ணாம்புக் குன்றுகள், மூங்கிற் காடுகள், வளைந்து வளைந்து உடன்வரும் குவே நோய் ஆறு, சாலையோரத்திலேயே வந்து விழும் சாய்யோக் அருவி. வாம்போ என்னுமிடத்தில் செங்குத்தான பாறையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரத்தூண்கள் தாங்கும் தண்டவாளத்தில் இன்றும் ரயில் ஊர்ந்து செல்கிறது. இந்த எழிலும் அந்தத் துயரமும் தனித்தனியானவை அல்ல என்பதைத்தான் நம் எழுத்தாளர்கள் காணத் தவறுகின்றனர். மலைகளினூடே பர்மாவுக்கு வழிவிடுவது இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கே. ஆதலால் ஜப்பானியப் படை தன் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை இதன் வழியே கொண்டு சென்றது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. 'நரக நெருப்புக் கணவாய்' எனப்படும் பாறைவெட்டில் சுத்தியலும் உளியும் கொண்டு, இரவில் தீவட்டி வெளிச்சத்திலும் மனிதர் உழைத்தனர். இன்று அந்த வெட்டினுள் மரங்கள் நிழல் விரித்து நிற்கின்றன. அந்நிழலில் நின்று குளிர்ச்சியைப் புகழ்வது எளிது.

அரபியில் 'அபர' என்னும் வினைக்குக் கடத்தல் என்பது பொருள். படிப்பினையைக் குறிக்கும் 'இப்ரத்'தும், கண்ணீரைக் குறிக்கும் 'அப்ரத்'தும் அதே வேரில் பிறந்தவை. கடந்து செல்லும் துறை 'மஅபர்'. நம் சோழமண்டலக் கரைக்கு அரபியர் இட்ட பெயரும் அதுவே. அந்த மஅபருக்கு 1340களில் வந்த இப்னு பதூதா, மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் சிறைப்பட்டோரையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு, அருவருப்போடு எழுதி வைத்தார். அச்சுல்தான் அவருக்குச் சகலர், உபசரித்தவரும்கூட. உண்ட வீட்டின் குற்றத்தையும் பயண நூலில் பதித்த அந்நெஞ்சுரத்தை அளவுகோலாகக் கொண்டால், நம் சயாம் கட்டுரைகளுள் எத்தனை தேறும்?

அக்கட்டுரைகள் யாரிடம் பாடம் கேட்டன என்பதையும் நோக்க வேண்டும். 1957-இல் டேவிட் லீன் எடுத்த ஆங்கிலத் திரைப்படத்திடம்தான். ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்ற அப்படம் எடுக்கப்பட்ட இடம் சயாமன்று. இலங்கையின் கித்துல்கல, களனி ஆற்றங்கரை. உண்மைப் பாலம் கடந்ததோ மே குலோங் ஆற்றை. படம் பார்த்தோர் குவே ஆற்றைத் தேடிவரத் தொடங்கவே, ஆற்றின் அப்பகுதிக்கே 'குவே யாய்' எனப் பெயர் மாற்றினர்! கற்பனைக்காக ஆறு தன் பெயரை விட்டுக்கொடுத்தது விந்தைதான். எனக்கு உறுத்துவது வேறு. ஆங்கிலத் தளபதி ஒருவரின் தன்மானமே கதையாகிய அப்படத்தில் ஆசியக் கூலிகளின் துயருக்கு இடமில்லை. போர்க்கைதிகளாகப் பாதையில் உழைத்த நேச நாட்டுப் படையினர் 60,000-க்கு மேற்பட்டோர். மாண்டவர் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ இரண்டு லட்சம் அளவினர். அவர்களுள் இறந்தோர் தொகை 90,000 வரை மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்.

காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல்வெளி கத்தரித்து விட்டாற்போல் இருக்கிறது. பெயர், வயது, படைப்பிரிவு அனைத்தும் துலங்குகின்றன. நம் கட்டுரையாளர்கள் மனமுருகுவதும் இங்கேதான். அவ்வுருக்கம் பொய்யன்று. ஆனால், இப்பெயர்கள் எவ்வாறு எஞ்சின என்று அவர்கள் கேட்பதில்லை. கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், இறந்தோர் பட்டியலை ஒளித்து வைத்துக் காத்தவர் இருந்தனர். போருக்குப் பின் அப்பதிவுகளின் துணைகொண்டு, காட்டிலிருந்த உடல்களைத் தோண்டியெடுத்து மயானங்களில் சேர்த்தனர். அத்தாப்புக் கொட்டகைகளில் காலராவுக்கு மடிந்த கூலிக்கோ பட்டியல் எழுத ஆளில்லை. சாலையோரத்துப் பசுமையே அவர்தம் மயானம். அதைத்தான் நாம் 'இயற்கைக் காட்சி' என்று எழுதி வருகிறோம்.

மலேசியத் தமிழர் இதை மறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்துவிட்டு இச்சாலையில் செல்பவருக்கு மூங்கிற் புதர் வேறாகத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து விமானமேறும் பயண எழுத்தாளர், திரைப்படத்தோடு இந்நூலையும் அறிந்து புறப்பட்டால் என்ன?

என் மாணவரின் பாட்டனாருடைய தமையன் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். பிடித்துச் செல்லப்பட்டார் என்பதற்கு மேல் குடும்பத்தார்க்கு ஒன்றும் தெரியாது. மயானத்தின் பெயர்ப் பதிவேட்டில் அவர் பெயர் இராது என்பதை அறிந்தும் மாணவர் ஏடுகளைப் புரட்டினார். நாம் தோக் நிலையத்தோடு ரயில் நின்றுவிடுகிறது, அதற்கப்பால் தண்டவாளமில்லை. அங்கிருந்து சற்றுத் தொலைவு சென்றதும் காரை ஓரங்கட்டிவிட்டு, "ஹஜ்ரத், எந்தப் பக்கம் பார்த்து நின்று ஃபாத்திஹா ஓதட்டும்?" என்று கேட்டார். இருபுறமும் மூங்கில்தான் இருந்தது.