பசியா, மொழியா? சமயத் தேவை பற்றி ஒரு விசாரணை

சமயம் மனிதனுக்குப் பிறவியிலேயே அமைந்த மனத்தேவையா? உளவியல் தரப்பில் பெரிதும் பேசப்பட்ட விடை, சிக்மண்ட் ஃபிராய்டு 1927-இல் வெளியிட்ட ‘ஒரு மாயையின் எதிர்காலம்’ என்ற நூலில் உள்ளது. கையாலாகாத குழந்தை தகப்பனைத் தேடுகிறது. வளர்ந்த பின்னும் இயற்கைக்கும் சாவுக்கும் அஞ்சி, வானத்தில் ஒரு தகப்பனை வைத்துக்கொள்கிறது. அவரே கடவுள் என்பது ஃபிராய்டின் வாதம்.

இந்தத் தராசில் சமணத்தை நிறுக்க முடியாது. எங்கள் சமயத்தில் படைத்தவன் என்று ஒருவன் இல்லை. தீர்த்தங்கரர் வரம் கொடுப்பதில்லை. பாவத்தை மன்னிப்பதும் இல்லை. வினை செய்தவனே அனுபவித்துத் தீர்க்கணும். தகப்பன் ஏக்கம்தான் வேர் என்றால், மாங்குளம் மலைக் கல்வெட்டுக் காலம் தொட்டு, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக இச்சமயம் தமிழ் மண்ணில் நிலைத்தது எப்படி?

அதற்காக ஃபிராய்டை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. எங்கள் ஜினாலயங்களிலும் பதுமாவதி, ஜுவாலாமாலினி, தருமதேவி என்னும் இயக்கியர் சந்நிதிகள் உண்டு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வியாபாரம் படுத்துவிட்டது என்றால் கால்கள் தாமாக அங்கே போகும். ஆறுதல் தேடுவது மனித இயல்புதான். ஆனால் ஆறுதல் தேடுவது வேறு, சமயம் வேறு.

சமய உணர்வு எல்லோருக்கும் பொது என்பதும் நிற்காது. எல்லையற்ற கடல் போன்ற ஓர் உணர்வே சமயத்தின் ஊற்று என்று ரொமெய்ன் ரோலந்து எழுதினார். அப்படி ஒன்றைத் தம்முள் காண முடியவில்லை என்று ஃபிராய்டு அடுத்த நூலில் ஒளிக்காமல் சொன்னார். நம் நீலகேசியின் கடைசிச் சருக்கம் பூதவாதம். உயிர் என்று தனியாக ஒன்றில்லை, எல்லாம் பூதங்களின் கூட்டு என்போரோடு நடக்கும் வாதம் அது. சமயம் வேண்டாதவர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள்.

என் துணிபு இது: பசியைவிட மொழியோடுதான் சமயத்தை ஒப்பிடணும். பசியை யாரும் கற்றுத் தருவதில்லை. பேசும் திறன் பிறவியில் வரும். தமிழ் அப்படி வராது. வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சமும் வியப்பும் தாமாக வரலாம். கொல்லாமையும் மிகுபொருள் விரும்பாமையும் சொல்லிக்கொடுத்து, நடந்து காட்டினால்தான் வரும். “வயசானால் தானாகக் கோயிலுக்கு வருவான்” என்று நாம் சும்மா இருந்தால், அவன் வரவும் கூடும். பயத்தோடு வருவான், அறத்தோடு வருவானா என்பதுதான் கேள்வி.