விரிவும் உறவும்: ஒரு கணினி விளையாட்டை முன்வைத்து

சென்ற கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் நாலு பேரும் வட்டவடைக்கு வந்திருந்தார்கள். ஒருவன் பெங்களூரு, ஒருத்தி கொச்சி, மற்ற இருவரும் கோயமுத்தூர். வருஷம் முழுக்கத் தனித்தனி ஊர்களில் இருந்துகொண்டே ஒரே அணியாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள். திண்ணையில் காயப்போட்டிருந்த வெள்ளைப்பூண்டை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை வைத்து, தாங்கள் ஜெயித்த ஓர் ஆட்டத்தின் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். வரைபடத்தின் மூலையில் ஓர் ஆட்டக்காரன். அவன் படை திரட்டவில்லை. பக்கத்து நிலத்தையும் பிடிக்கவில்லை. வயல், ஆடு, நாலு வீடு என்று இருந்தான். "அவன் சும்மா இருந்தான் தாத்தா, அதனால முதல்ல அவனைத்தான் முடிச்சோம்" என்றாள் பேத்தி. அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. இக்கட்டுரை அதிலிருந்து பிறந்ததுதான்.

விளையாட்டின் பெயர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', அதன் இரண்டாம் பாகம். 1999இல் வெளிவந்தது, 2019இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் ஆடப்படுகிறது. எட்டுப் பேர் வரை ஒரே களத்தில் இறங்கலாம். உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கைச் சேர்த்து, நான்கு யுகங்களைக் கடந்து, பேரரசு அமைக்க வேண்டும். பிள்ளைகள் பொழுதைக் கெடுக்கும் சமாச்சாரம் என்று நம்மில் பலர் இதை ஒதுக்கிவிடுகிறோம். நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு, பேரரசு என்றால் என்ன, கூட்டணி என்றால் என்ன என்ற முதல் பாடம் இதிலிருந்துதான் கிடைக்கிறது. பாடநூலை மதிப்பிடுகிற அதே அக்கறையோடு இதையும் மதிப்பிட வேண்டாமா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டு என்பது வெறும் கைகுலுக்கல் அல்ல, அதற்கு ஒரு செலவு உண்டு என்பதை இந்த ஆட்டம் அருமையாகக் கற்றுத்தருகிறது. கூட்டாளிக்குப் பொன்னோ மரமோ அனுப்ப வேண்டுமானால் முதலில் சந்தை கட்டியாக வேண்டும். அனுப்புவதிலும் ஒரு பங்கு வழியிலேயே கழிந்துவிடும். நாணயம் அடிக்கும் கலையையும் பிறகு வங்கித் தொழிலையும் கற்ற பின்னரே அந்தக் கழிவு குறைந்து மறைகிறது. வணிக வண்டிகளின் கணக்கு இன்னும் நேர்த்தி: கூட்டாளியின் சந்தை எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு லாபம். பக்கத்து வீட்டுக்காரனோடு வியாபாரம் செய்தால் கைச்செலவுக்குக்கூடத் தேறாது. பூண்டு மூட்டையை ஊருக்குள்ளேயே விற்றவனையும் கீழ்நாட்டுச் சந்தை வரை கொண்டுபோனவனையும் அறிந்த நம் மலைவாசிகளுக்கு இது புதிதல்ல.

அணியாட்டத்தில் இடத்துக்கேற்ற கடமையும் உண்டு. ஓரத்தில் இருப்பவன் எதிரியின் முதல் அடியைத் தாங்க வேண்டும். உள்ளே இருப்பவன் அந்த நிழலில் வளர்ந்து பின்னால் பெரும்படையோடு வர வேண்டும். சில சமயம் ஒருவன் தன் வளர்ச்சியையே நிறுத்திக்கொண்டு, கிடைப்பதையெல்லாம் இன்னொருவனுக்கு அள்ளிக் கொடுத்து அவனை உயர்த்துகிறான். பன்னிரண்டு வயதுப் பையன் "நான் தேய்ஞ்சாலும் பரவால்ல, அவன் வரட்டும்" என்று சொல்வதைக் கேட்டேன். குறை சொல்ல மனம் வரவில்லை.

2022 ஏப்ரலில் இந்த ஆட்டத்தில் 'திராவிடர்' என்றொரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். வீரர்கள் தமிழில் பேசுகிறார்கள். ராஜேந்திர சோழன் பேரில் ஒரு கதைத்தொடரும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம், எனக்கும்தான். ஆயினும் கொஞ்சம் உற்றுநோக்குங்கால் சில உறுத்தல்கள் தோன்றுகின்றன. தனித்தனி அரசமரபுகளையும் மொழிகளையும் ஒரே பெயருக்குள் கட்டி வைத்தது ஒன்று. களரியோடு சேர்த்தே நாம் அறிந்த உருமியைச் சுழற்றுபவனை இவர்களுடைய தனிச்சிறப்பு வீரனாக நிறுத்தியது இன்னொன்று. இவை சிறு குறைகள், பொறுத்துக்கொள்ளலாம். கடலாடிகள் என்று காட்டியது சரியே: இவர்கள் அணியில் இருந்தால் எல்லோருடைய துறைமுகமும் கூடுதலாக ஐந்து பேருக்கு இடம் தரும். குதிரை வீரர் வரிசை கிடையாது. அதனால் உள்ளே நின்று வளரும் இடம் இவர்களுக்குப் பொருந்தாது என்று பிள்ளைகள் ஒரு தீர்ப்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆட்டத்தில் மற்றவரோடு நமக்குள்ள உறவு மூன்றே: நண்பன், நடுநிலை, பகைவன். போட்டியாட்டங்களில் அதுவும் கிடையாது. தொடக்கத்திலேயே அணிகளைப் பூட்டிவிடுகிறார்கள். கடைசிவரை மாற்ற முடியாது. இந்தப் பூட்டைப் போட்டுவிட்டு ராஜேந்திரனின் கதையை ஆடவே முடியாது என்பேன்.

எப்படி என்று பாருங்கள். 1006ஆம் ஆண்டையொட்டி, ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாக விட்டான். அந்தத் தானத்தைச் செப்பேட்டில் உறுதிப்படுத்தியவன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025இல் கப்பலேறிப்போய்க் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியவன். 1090இல் முதற்குலோத்துங்கன் அதே விகாரத்துக்கு மீண்டும் சலுகைகளை உறுதி செய்கிறான். ஒரு நூற்றாண்டுக்குள் நட்பு, போர், மறுபடி நட்பு! இதற்கிடையே 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குத் தூதுக்குழுக்கள் வேறு. அங்கே போய்ச் சேரும் கடல்வழி எவர் கையில் இருந்தது என்று யோசித்தால், 1025 படையெடுப்பின் காரணங்களில் ஒன்றாவது விளங்கும்.

வேங்கி நாட்டுக் கதை இதைவிட ருசியானது. ராஜராஜன் தன் மகள் குந்தவையைக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அந்தத் தம்பதியின் பிள்ளைதான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதற்குலோத்துங்கன். பெண் கொடுத்து வளைத்த நாட்டின் பிள்ளை, கொடுத்தவர் வீட்டுக்கே எஜமானனாக வந்தான்! யார் யாரை விழுங்கினார்கள்? நம்ம ஊர்ச் சம்பந்திச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த ஆட்டத்துக்குப் புரியாது. அதில் கல்யாணமே கிடையாது.

சோழர் விரிவைப் பற்றி ஜார்ஜ் ஸ்பென்சர் 1983இல் ஒரு நூல் எழுதினார். அந்தப் படையெடுப்புகளில் நிலையான ஆட்சியைவிடக் கொள்ளைக்கும், கொண்டுவந்ததைப் பங்கிடுவதற்கும் இருந்த இடத்தை அவர் வலியுறுத்துகிறார். முழுக்க ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் ஆட்டத்தில் வண்ணம் பூசிய நிலம் பெருகுவதையே பேரரசு என்று நம்பும் பிள்ளைகளுக்கு அது நல்ல மாற்று மருந்து. அரசன் படை திரும்பிய பின்னரும் அங்கே தங்கியவர்கள் வணிகர்கள். சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தாருடையது. அயலூரில் சங்கம் வைத்து வாழ்கிற நமக்கு அவர்கள் ஒருவகையில் முன்னோடிகள் எனலாம்.

2025 பிப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் பாகம் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். அதில் சோழர் உண்டு. அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் பேட்டை அமைகிறது. செல்வாக்கு என்பதே ஒரு நாணயமாகப் புழங்குகிறது. யாருக்கும் கட்டுப்படாத சிறு மக்கள் கூட்டங்களும் வரைபடத்தில் தென்படுகின்றன. ஆவலோடு பார்த்தேன். அவர்களோடு நட்புக்கொண்டு மேலாண்மை பெறலாம், பின்னர் நம் அரசில் சேர்த்துக்கொள்ளலாம், இல்லையேல் அடித்துக் கலைத்துவிடலாம். எல்லாம் நாம் அவர்களுக்குச் செய்வன. அவர்களாக ஆட வழியே இல்லை.

இங்கேதான் என் பேத்தியின் வாக்கியம் திரும்பி வருகிறது. மூலையில் சும்மா இருந்தவன் யார்? எங்கள் மலையில் அவனுக்குப் பெயர்கள் உண்டு. முதுவர்கள் மதுரையை விட்டு வந்தபோது மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து வந்ததாகவும் பெயரே அதனால் வந்ததாகவும் சொல்லுவார்கள். வட்டவடைக்குக் கூப்பிடு தூரத்து அஞ்சுநாடு என்பது மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும். அவர்களுடைய முன்னோரும் மதுரைப் பக்கத்துக் குழப்பத்தில் மலையேறியவர்களே. ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று பாலைத் தொட்டுச் சத்தியம் செய்துகொண்டு ஐந்து ஊராகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது செவிவழி வரலாறு. எந்தப் படையெடுப்பின்போது என்பதில் ஆளுக்கொரு கதை. அது போகட்டும். நான் கவனிப்பது அந்த ஒப்பந்தத்தின் தன்மையை. ஐந்து ஊரும் சேர்ந்தது ஆறாவது ஊரைப் பிடிப்பதற்காக அல்ல. பிடிபடாமல் இருப்பதற்காக. விரிவதற்கென்றில்லாமல் நிலைப்பதற்கென்று செய்த கூட்டணி அது.

இதற்கு அந்த ஆட்டத்தில் பொத்தான் கிடையாது. உலக அதிசயம் ஒன்றைக் கட்டிக் குறித்த காலம் காத்தால் வெற்றி என்று ஒரு வழி இருப்பது உண்மை. ஆனால் கட்டத் தொடங்கியதுமே எல்லோருக்கும் அறிவிப்புப் போய்விடுகிறது; எல்லோரும் இடிக்க வந்துவிடுகிறார்கள். காடு என்பதோ அங்கே வெட்டி எடுக்க வேண்டிய மர எண்ணிக்கை மட்டும்தான். ஒளிந்துகொள்ள ஓர் இடம், தேன் எடுக்க ஓர் இடம், சாமி இருக்க ஓர் இடம் என்றெல்லாம் ஆகாது. (நாமும் யோக்கியர்களல்ல. காசுக்காகக் கிராண்டிஸ் மரம் நட்டு ஊற்றுகளை வற்றவைத்தது நம் கைகள்தாம்.)

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் எந்தப் பக்கம் என்பது பெரிய வழக்கு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. 1955இல் பசல் அலி ஆணையம் இந்த இரு தாலுகாக்களையும் கேரளத்தோடு வைக்கச் சொன்னது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்களில் வட்டவடைக்காரர் எவரும் இல்லை. அதற்காகப் புலம்பவில்லை, இந்த மண்ணில் நன்றாகவே வாழ்கிறோம். வரைபடத்தில் கோடு நகர்ந்த நாளில் சும்மா இருந்தவர்களும் ஆட்டத்தில் இருந்தார்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். பாதி கேட்டார்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துப் பெங்களூருப் பேரன் போன் செய்தான். ஆட்டத்தின் அமைப்புகளில் சமாதான உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறதாம். குறித்த நேரம்வரை எவரும் எவரையும் தாக்க முடியாது. "நீங்க சொன்னீங்களேன்னு நாப்பது நிமிஷம் வெச்சு ஆடினோம் தாத்தா."

"அந்த நாப்பது நிமிஷம் என்னடா செஞ்சீங்க?"

"எல்லாரும் எல்லையில யானையைக் கொண்டுவந்து நிறுத்தினோம். நானும்தான்." கொஞ்சம் நிறுத்தினான். "நாப்பத்தொண்ணாவது நிமிஷம் செம சண்டை. ஆனா பாப்பா மட்டும் யானை கட்டல. கேட்டா, பூண்டு போட்டிருக்கேன்னு சொல்றா."