பல்கலைக்கழக அனுமதியும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

இடம் சில, வேண்டுவோர் பலர். இந்நிலையில் ஒருவனைக் கொண்டு மற்றொருவனைத் தள்ளும் முறை எதுவாயினும் குறைகூறலுக்கு உட்பட்டே தீரும். ஆயின், குறைகூறுவோர் பெரும்பாலும் தத்தம் ஊரில் நின்றே நோக்குகின்றனர். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதி பற்றித் தமிழில் எழுந்த விவாதம் யாழ்ப்பாணத்தை நடுவாகக் கொண்டது. அதற்குத் தக்க காரணமுண்டு. 1970/71 கல்வியாண்டில் மருத்துவத்துக்குச் சிங்களமொழி மாணவர் 400க்கு 229 புள்ளி பெறின் அமைந்தது. தமிழ்மொழி மாணவரோ 250 பெறவேண்டியிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்து சேர்ந்தது. அவ்வடு இன்னும் ஆறவில்லை. எனினும், அவ்வொதுக்கீட்டை இறக்குவானையிலோ தெரணியகலையிலோ நின்று நோக்குவார்க்கு வேறொரு தோற்றம் புலப்படும்.

மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளிற் பல்லாண்டாக வழங்கிவரும் விதி இது: 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் குடித்தொகைக்கேற்ப, எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அப்பதினாறில் ஒன்று, கேகாலை அன்று. எல்லைக்கு இப்பாலுள்ள லயத்துப் பிள்ளை பின்தங்கியவன், அப்பாலுள்ள லயத்துப் பிள்ளை முன்னேறியவன் எனக் கொள்ளும் இப்பகுப்பு வியத்தற்குரியதே!

இதனினும் ஆழமானது குடித்தொகைக் கணக்கு. மாவட்டத்தின் பங்கை வகுக்குங்கால், கொழுந்து பறிப்போரும் இறப்பர்ப் பால் வெட்டுவோரும் ஒருவர் விடாமல் எண்ணப்படுகின்றனர். அவர்தம் தலைகளாற் பங்கு பெருகுகின்றது. ஆயின், பெருகிய பங்குக்குப் போட்டியிடுவோர் ஆய்வுகூடமும் ஆசிரியருமுடைய நகரப் பாடசாலை மாணவரேயாவர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன; 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட அவ்விடைவெளியை வெட்டுப்புள்ளி அட்டவணை அறியாது. அதில் மாவட்டத்தின் பெயருண்டு, தோட்டத்தின் பெயரில்லை.

2001 முதல் வழங்கும் இசட் புள்ளி, பாடங்களுக்கிடையே நீதி செய்வது. கடினமான வினாத்தாளும் எளிதான வினாத்தாளும் ஒரே கோலால் அளக்கப்படுகின்றன. அது நன்றே. ஆனால், பௌதிக ஆசிரியர் இல்லாதிருந்த தவணைகளை அளக்க அக்கோலில் இடமில்லை.

நல்ல பாடசாலையை நாடி மாணவன் பெயரலாமே எனின், அங்குமொரு சிக்கலுண்டு. மாணவனின் மாவட்டத்தை வீடு தீர்மானிப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளிற் கற்ற பாடசாலையே தீர்மானிக்கின்றது. யட்டியந்தோட்டைப் பிள்ளை அவிசாவளையிற் கற்பின் கொழும்பு மாவட்டத்தானாகிக் கொழும்பின் பெருங்கல்லூரிகளோடு பொருதவேண்டும்.

இவற்றைக்கொண்டு ஒதுக்கீட்டையே ஒழிக்கவேண்டுமென்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஒழித்தால் முதலில் வீழ்வான் தோட்டத்து மாணவனே. பிழை ஒதுக்கீட்டில் இல்லை. அதன் அலகில் இருக்கின்றது. மாவட்டத்தை விடுத்துப் பாடசாலையின் வசதியை அலகாகக் கொள்வது கணக்கிற் கடினமாயினும் நீதிக்கு அண்மையது. அங்ஙனஞ் செய்யினும், தமிழ்மொழி மூல விஞ்ஞான வகுப்பில்லாத இடத்தில் அவ்வலகும் பயன்தராது. அங்கே மருத்துவம் கற்க விரும்பிய பிள்ளை, சாதாரணதரம் முடித்த கையோடு கலைப்பிரிவிற் சேர்கின்றாள். அவளை எவரும் தள்ளவில்லை. அவள் விண்ணப்பிக்கவில்லை என்பது மட்டுமே பதிவேட்டின் கணக்கு.