சுரபி நாடகங்களின் மேடைமொழி: நாடகத் தெரிவு குறித்து ஒரு மதிப்பீடு

உப்பல் முதல் இலிங்கம்பள்ளி வரை விரிந்துள்ள ஐதராபாத் நகரில், தெலுங்குக் குடும்ப நாடக மரபைப் பேணிவருவது சுரபிக் குழு. கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் ஊரில் 1885-இல் 'கீசக வதம்' நாடகத்துடன் தோன்றிய இம்மரபின் கலைஞர் பலர் இன்று இலிங்கம்பள்ளியில் வாழ்கின்றனர். இக்குழு பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் 'மாயாபஜார்' முதலியவற்றின் தந்திரக் காட்சிகளையே வியந்துள்ளன; மேடைமொழி போதிய கவனம் பெறவில்லை.

இந்நாடகங்களில் 'பத்தியம்' எனப்படும் இசைச் செய்யுள் இலக்கிய வழக்கைச் சார்ந்தது. நகைச்சுவைப் பாத்திரங்களின் உரையாடல் பேச்சு வழக்கை நெருங்குவது. இவ்விரண்டையும் கலைஞர்கள் இளமையிலேயே மேடையேறி, பெற்றோர் பாடக் கேட்டுப் பயில்கின்றனர். பெண் வேடங்களைக் குடும்பப் பெண்டிரே ஏற்பதால், தாய்மொழியைப் போன்றே மேடைமொழியும் வீட்டில் கைவரப்பெறுகிறது எனலாம்.

தமிழில் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் சிறுவர்களுக்கு இத்தகைய பயிற்சி அளித்தது. ஆயின் அச்சிறுவர்கள் குடும்பத்தைப் பிரிந்து பயின்றவர்கள். பிற்காலத்தில் ஸ்பெஷல் நாடகம் அவருடைய பாடல்களைக் காத்தபோதிலும், ஒரு குழுவாக உடனுறைந்து பயிலும் முறை பாய்ஸ் கம்பெனிகளோடு மறைந்தது.

ஆகவே, வரும் பருவத்துக்குரிய நாடகங்களைத் தெரிவு செய்கையில் காட்சிக் கவர்ச்சி மட்டுமே அளவுகோலாதல் பொருந்தாது. 1990-களில் பி. வி. காரந்த் இக்குழுவைக் கொண்டு 'பீஷ்மா'வை இயக்கியமை, இம்மரபு புதியதையும் ஏற்கும் என்பதற்குச் சான்று. எனினும் பத்தியம் மிகுந்த பழைய நாடகங்களுக்கும் இடம் வேண்டும். நெடுநாள் ஆடப்படாத நாடகத்தின் ஏடு எஞ்சலாம்; அதன் ஓசை எஞ்சாது.